போனில் ஹெட்செட் இணைப்பது எப்படி: கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவின் புதுப் போனில் ஒரு ஹெட்செட்டைப் பாட வைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. 350 ரூபாய்க்கு டைப்-சி ஹெட்செட், வட்டப் பின் ஹெட்செட்டை டைப்-சி ஓட்டையில் மாட்ட 120 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர், 999 ரூபாய்க்குக் கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் நெக்பேண்ட் என்று மொத்தம் 1,469 ரூபாய் போனது. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு நான்கு தடவை பஸ் ஏறினேன். ஒரு கடையில், "போன்ல சவுண்டு ஐசி போயிருச்சும்மா, 1,200 ரூபா ஆகும், ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க" என்றார்கள். போனில் எந்தப் பழுதும் இல்லை. செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்குப் பாட்டு கேட்பதில் பெரிய ஆசை கிடையாது. அவர் கேட்க நினைத்தது பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை வானொலியை. அதற்கு 999 ரூபாய் நெக்பேண்ட் எந்த வகையிலும் உதவாது. பழைய போனும் 180 ரூபாய் ஒயர் ஹெட்செட்டும் போதும்.

இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. உங்களுக்காவது பஸ் காசு மிஞ்சட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். கீழே உள்ள விலைகள் நான் கடைகளில் பார்த்தவை. உங்கள் ஊரில் ஐம்பது, நூறு கூடக் குறைய இருக்கலாம்.

1. கடைக்குப் போகும் முன்: எதைக் கேட்கப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால், அன்றைக்குக் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும்.

பண்பலை வானொலி கேட்க வேண்டும் என்றால் ஒயர் ஹெட்செட் கட்டாயம். காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன். பிள்ளைகள் ஆன்லைனில் பாடம் கேட்பதற்கும் ஒயர்தான் நல்லது. பாதி வகுப்பில் சார்ஜ் தீர்ந்தது என்ற பேச்சே வராது. பாசி காயப்போடும்போதோ வலை பின்னும்போதோ பேச வேண்டும், கை ஓயாது என்றால் நெக்பேண்ட் வாங்குங்கள். கழுத்தில் கிடக்கும், கழன்றாலும் மணலில் விழாது. காதுக்குள் தனித்தனியாகச் செருகும் இயர்பட்ஸை வீட்டுக்குள்ளும் பஸ்ஸிலும் பயன்படுத்துங்கள். படகுக்கும் கரைக்கும் அதை நான் சொல்ல மாட்டேன். என் மதினியின் ஒரு பக்க பட்ஸ் மண்டபம் ஊர்ப் படகுத்துறைப் பலகை இடுக்கில் விழுந்தது விழுந்ததுதான். ஒரு பக்கம் மட்டும் தனியாக வாங்கக் கேட்டால், புது ஜோடி விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள்.

விலை: வட்டப் பின் (3.5 மில்லிமீட்டர்) ஒயர் ஹெட்செட் 150 முதல் 500 வரை. டைப்-சி ஒயர் 350 முதல் 900 வரை. நெக்பேண்ட் 700 முதல் 1,500 வரை. ஓரளவு நல்ல இயர்பட்ஸ் 900-த்திலிருந்து தொடங்குகிறது.

2. உங்கள் போனில் என்ன ஓட்டை இருக்கிறது?

போனின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். வட்டமாகச் சின்ன ஓட்டை இருந்தால் அதுதான் 3.5 மில்லிமீட்டர் ஜாக். இல்லாவிட்டால், சார்ஜ் போடும் டைப்-சி ஓட்டை வழியாகத்தான் ஒயர் ஹெட்செட்டும் போக வேண்டும். ஐபோனில் 2016-இல் வந்த 7-ஆம் மாடலிலிருந்தே வட்ட ஓட்டை கிடையாது. 14 வரை லைட்னிங் என்ற ஆப்பிளின் தனி ஓட்டை, 2023-இல் வந்த 15-லிருந்து டைப்-சி. துபாயிலிருந்து யாராவது ஹெட்செட் வாங்கி வருவதாகச் சொன்னால், உங்கள் போனின் ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். மாடல் பெயரைச் சொல்லிக் குழம்புவதைவிட இது நல்லது.

3. வட்ட ஓட்டை உள்ள போன்

பின்னைச் செருகி, "டிக்" என்று உட்காரும்வரை அழுத்துங்கள். திரையின் மேல் ஓரத்தில் ஹெட்செட் படம் வந்தால் வேலை முடிந்தது. போன் கவர் தடிமனாக இருந்தால் பின் முழுதாக இறங்காது. கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை செருகிப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குப் பிரச்சினை கவர்தான்.

பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் மைக் உண்டு, போன் பேசலாம். இரண்டுதான் என்றால் கேட்க மட்டும்தான். "என் பேச்சு அந்தப் பக்கம் கேக்கல" என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

பாட்டில் இசை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டு, பாடுகிறவர் குரல் காணாமல் போனால், மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் சரியாகக் கேட்டால், அந்த ஹெட்செட்டில் மைக் கம்பியும் எர்த் கம்பியும் உங்கள் போனுக்கு நேர்மாறான வரிசையில் இருக்கின்றன என்று பொருள். பழைய மாடல் ஹெட்செட்டுகளில் இப்படி இருக்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், அன்றே மாற்றிக் கேளுங்கள்.

4. டைப்-சி ஓட்டை மட்டும் உள்ள போன்

என் பணம் போனது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

போனுக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. காதில் மாட்டும் ஸ்பீக்கருக்கு அலையாக ஏறி இறங்கும் மின்சாரம் வேண்டும். எண்ணை அலையாக மாற்ற ஒரு சிப் தேவை. அதற்கு டிஏசி என்று பெயர். வட்ட ஓட்டை இருக்கும் போனில் இந்த வேலை உள்ளேயே முடிந்துவிடும். டைப்-சியில் இரண்டு விதம். சில போன்கள் தாமே மாற்றி, அலையாகவே டைப்-சி வழியாக வெளியே அனுப்பும். மற்ற போன்கள் எண்ணை மட்டும்தான் அனுப்பும், மாற்றும் சிப் ஹெட்செட்டின் முனையிலோ கன்வெர்ட்டரிலோ இருந்தாக வேண்டும்.

120 ரூபாய்க் கன்வெர்ட்டருக்குள் சிப் இல்லை, வெறும் கம்பிதான். அதனால் ஒரு போனில் பாடும், பக்கத்து வீட்டுப் போனில் பாடாது. சிப் உள்ள கன்வெர்ட்டரும் இல்லாததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடையில் "எல்லா டைப்-சிக்கும் போடலாம்" என்பார்கள். அதை நம்பாமல், "இதுல டிஏசி சிப் இருக்காண்ணே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிப் உள்ளதன் பெட்டியில் பெரும்பாலும் டிஏசி அல்லது டிஜிட்டல் என்று அச்சிட்டிருக்கும். விலை 400-க்கு மேல் போகும். ஆனால் அது இன்றைய பெரும்பாலான டைப்-சி போன்களிலும், லேப்டாப்பிலும், ஐபோன் 15-லும் வேலை செய்யும். வீட்டில் நாலு பேருக்கு நாலு விதமான போன் என்றால் இதுதான் லாபம்.

எதை வாங்கினாலும் உங்கள் போனையே கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, ஒரு பாட்டும் ஒரு போன் காலும் போட்டுப் பாருங்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். பாட்டு கேட்டு மைக் வேலை செய்யாததும் உண்டு.

அடுத்தது, சவுண்டு ஐசி போய்விட்டதாக என்னிடம் சொல்லப்பட்ட விஷயம். சில கம்பெனிப் போன்களில், டைப்-சி வழியாக வெளிப்பொருள் எதை மாட்டினாலும் ஓடிஜி என்ற வசதியை நாமே இயக்க வேண்டும். செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஓடிஜி என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். ஒரு பொத்தான் வரும், அதைத் தள்ளிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். அப்பாவின் 350 ரூபாய் ஹெட்செட் அந்த நிமிடமே பாடிவிட்டது.

கவனம்: இந்த ஓடிஜி பத்து நிமிடம் சும்மா இருந்தால் பல போன்களில் தானாக அணைந்துவிடும். காலையில் பாடியது மாலையில் பாடாது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம், மறுபடி தள்ளிவிடுங்கள். மேலிருந்து இழுக்கும் பட்டியலில் அந்தப் பொத்தானைச் சேர்த்து வைத்தால் பெரியவர்களுக்கும் எளிது.

இன்னொரு தொல்லை, டைப்-சியில் ஹெட்செட் இருக்கும்போது சார்ஜ் போட முடியாது. இரண்டும் செய்ய இரட்டை வாய்க் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். மட்டமான சார்ஜரில் மின்கசிவு வந்தால் ஒயர் காதில் அல்லவா இருக்கிறது. சார்ஜ் போட்டுக்கொண்டே ஒயர் ஹெட்செட்டில் கேட்காதீர்கள். ஈரக் காலோடு நிற்கும் கடற்கரை வீடுகளில் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

5. எஃப்எம் கேட்க வேண்டுமா? ஒயர்தான் ஏரியல்

கடல் ஓசை 90.4 என்ற அலைவரிசையில் வருகிறது. மீனவர்களுக்கான சமுதாய வானொலி. அந்த வானொலி அலையின் நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர். அதைப் பிடிக்க அலையின் கால்வாசி நீளமாவது, அதாவது 80 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கம்பி இருந்தால் நல்லது. போனுக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் போன், செருகிய ஹெட்செட்டின் ஒயரையே ஏரியலாக எடுத்துக்கொள்கிறது. எஃப்எம் திறந்ததும் "ஹெட்செட்டைச் செருகவும்" என்று கேட்பது அதற்காகத்தான். ப்ளூடூத் ஹெட்செட்டிலிருந்து போனுக்குள் எந்தக் கம்பியும் போவதில்லை. ஆகவே எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது ஏரியல் ஆகாது.

செய்ய வேண்டியது:

முதலில் உங்கள் போனிலேயே எஃப்எம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியே போட்டுத் தந்த ரேடியோ ஆப் இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் எஃப்எம் என்று தேடி இறக்கும் ஆப்களில் பெரும்பாலானவை இணையம் வழியாகப் பாடுபவை, டேட்டாவைத் தின்னும். டவர் போனால் அதுவும் போய்விடும். நிஜமான எஃப்எம்முக்கு டேட்டாவும் வேண்டாம், சிம்மும் வேண்டாம்.

பிறகு ஒயர் ஹெட்செட்டைச் செருகி, ஆப்பைத் திறந்து, தேடலை ஓட விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிலையங்களைப் பட்டியலிடும். 90.4 வராவிட்டால் எண்ணைக் கையாலேயே நகர்த்தி நிறுத்துங்கள். ஒயரைச் சுருட்டாமல் நீட்டித் தொங்க விடுங்கள். வீட்டுக்குள் கரகரத்தால் கடல் பக்க ஜன்னலுக்கோ திண்ணைக்கோ வாருங்கள். சமுதாய வானொலி சிறிய சக்தியில் ஒலிபரப்புவது, எட்டும் தூரம் குறைவு. தங்கச்சிமடத்தில் கணீரென்று கேட்கிறது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று தேடினேன், பிடிக்கவில்லை. அதை ஹெட்செட் பழுது என்று நினைக்காதீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் தேடினால் அக்கரை இலங்கை நிலையங்களும் நடுவில் வந்து குறுக்கிடும். எண்ணைப் பார்த்து நிறுத்துங்கள்.

ஒயரைச் செருகிய பிறகு, ஆப்பில் உள்ள ஸ்பீக்கர் பொத்தானைத் தொட்டால் சத்தம் வெளியே வரும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். இதற்குப் புது ஹெட்செட் கூட வேண்டாம். காதுப் பக்கம் செத்துப்போன பழைய ஹெட்செட்டும் ஏரியலாக நன்றாகவே உழைக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டைப்-சி மட்டும் உள்ள போன்களில், சிப் வைத்த கன்வெர்ட்டர் வழியாக எஃப்எம் பெரும்பாலும் வேலை செய்யாது. நடுவில் சிப் இருப்பதால் ஒயர் ஏரியலோடு சேர்வதில்லை. எங்கள் வீட்டில் மூலையில் கிடந்த வட்ட ஓட்டைப் போனை எடுத்துத் துடைத்து, அதை அப்பாவின் ரேடியோவாகவே ஆக்கிவிட்டோம். விடியற்காலை காற்று, கடல் நிலவரம் கேட்க அதைத்தான் எடுக்கிறார்.

6. ப்ளூடூத் ஹெட்செட் இணைப்பது

முதல் தடவை இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் பாதிச் சார்ஜில் இணைக்கப் போய், நடுவில் அணைந்து, எது தவறு என்று தெரியாமல் முழிப்பதுதான் வழக்கம்.

நெக்பேண்ட் என்றால் பவர் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு மூன்று விநாடியில் இயங்கத் தொடங்கும். அப்போது கையை எடுத்துவிடாதீர்கள். இன்னும் நாலைந்து விநாடி பிடித்திருந்தால் விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும். அதுதான் பேரிங் நிலை. ஒரே நிறத்தில் மெதுவாக மின்னினால் ஹெட்செட் இயங்குகிறது, ஆனால் புதுப் போனைத் தேடவில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் "போன்ல பேரே வரமாட்டேங்குது" என்ற புகார். இயர்பட்ஸ் என்றால், முதல் தடவை டப்பாவைத் திறந்தாலே பேரிங் நிலைக்கு வந்துவிடும். அடுத்த தடவைகளில் டப்பாவில் உள்ள பொத்தானையோ பட்ஸையோ அழுத்த வேண்டியிருக்கும். எத்தனை விநாடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னக் காகிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு போனில் செட்டிங்ஸ், ப்ளூடூத், புதிய சாதனம் சேர் என்று போங்கள். ஹெட்செட்டின் பெயர் வந்ததும் தொடுங்கள். "இணைக்கவா" என்று கேட்டால் சம்மதியுங்கள். ரகசிய எண் கேட்டால் நான்கு சுழியம். பழைய ஹெட்செட்டுகள்தான் இதைக் கேட்கும். பேரிங் நிலை இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடுவது வழக்கம். ஆகவே போனில் அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஹெட்செட்டை அழுத்துவது வசதி.

ஒருமுறை இணைந்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து ஹெட்செட்டை இயக்கினாலே போதும். தினமும் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

"ஏம்மா, இதுக்கு டவர் வேணுமா?" என்று அப்பா கேட்டார். நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. வேண்டாம். ப்ளூடூத் என்பது போனுக்கும் ஹெட்செட்டுக்கும் இடையே மட்டும் ஓடும் சின்ன ரேடியோ. நடுக்கடலில் டவர் இல்லாவிட்டாலும் இணையும். ஆனால் கேட்க வேண்டிய பாட்டோ வேதாகமமோ பயானோ போனுக்குள் இறக்கி வைத்திருக்க வேண்டும். கரையில் வைஃபை இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

தூரம் சுமார் 10 மீட்டர். அதுவும் நடுவில் மறைப்பு இல்லாவிட்டால்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். போனை வலது பின் பாக்கெட்டில் வைத்து, ப்ளூடூத் ஏரியல் இடது பக்கம் உள்ள ஹெட்செட்டைப் போட்டால் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். சட்டைப் பையில் வைத்துப் பாருங்கள், நின்றுவிடும்.

7. இணைந்துவிட்டது, ஆனால் சத்தம் இல்லை

கீழக்கரையில் என் தோழி வீட்டில் நடந்தது இது. அவளுடைய வாப்பா துபாயிலிருந்து இயர்பட்ஸ் கொண்டு வந்திருந்தார். டப்பாவைத் திறந்தால் அவள் போனில் ஒரு விநாடி பெயர் தோன்றும், உடனே மறைந்துவிடும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து அறையில் படுத்திருந்த தம்பியின் போனில் ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னோம். உடனே இணைந்தது. வந்த அன்றே தம்பி ஆசைக்கு ஒருமுறை இணைத்துப் பார்த்திருக்கிறான். ஹெட்செட் பழகிய போனைத்தான் முதலில் தேடிப் போகும். ஆகவே வீட்டில் உள்ள மற்ற எல்லாப் போனிலும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய போனில் அந்தப் பெயரைத் தொட்டு "மறந்துவிடு" என்பதையும் கொடுத்துவிடுங்கள்.

இணைந்தது என்று காட்டியும் போன் ஸ்பீக்கரில்தான் பாடுகிறது என்றால், ப்ளூடூத் பட்டியலில் ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரப் படத்தைத் தொடுங்கள். போன் அழைப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் தள்ளிவிடுங்கள்.

பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், போனில் "மறந்துவிடு" கொடுத்து, இரண்டையும் டப்பாவில் வைத்து, காகிதத்தில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து விநாடி அழுத்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் டப்பாவுக்குள் உள்ள ஊசி முனைகளைப் பாருங்கள், உப்புப் பூத்திருக்கும். அடுத்த படிக்குப் போங்கள்.

பாட்டு இனிமையாகக் கேட்கிறது, போன் பேசும்போது மட்டும் சத்தம் கரகரவென்று தேய்ந்துவிடுகிறது என்றால் அது பழுதல்ல. பேசும்போது மைக்கும் சேர்ந்து ஓடுவதால் ப்ளூடூத் வேறு முறைக்கு மாறி, தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் நின்று பேசினால் மறுமுனையில் காற்று மட்டும்தான் கேட்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒயர் ஹெட்செட் என்றால் மைக்கை விரல்களுக்குள் பொத்தி வாய்ப் பக்கம் பிடியுங்கள்.

8. உப்பும் மணலும்

மதுரையில் மூன்று வருடம் உழைக்கும் ஹெட்செட் நம் ஊரில் ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். செம்பு, பித்தளை மேல் உப்புக் காற்று பட்டால் களிம்பு ஏறும். பின் பளபளப்பு மங்கினாலே கரகரப்பு ஆரம்பிக்கும்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். போனை அணைத்துவிடுங்கள். பின்னையும் பட்ஸ் டப்பாவின் ஊசி முனைகளையும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுத் துடையுங்கள். ஆல்கஹாலை நேராக ஊற்றி நனைக்க வேண்டாம். ஓட்டைக்குள் மணலோ துணித்தூசியோ அடைத்திருந்தால் தென்னை ஈர்க்கின் நுனியால் மெதுவாகச் சுழற்றி எடுங்கள். ஊசி, சேப்டி பின் இரண்டும் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் போன் போர்டு வரை செலவு வரும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தூறலையும் வியர்வையையும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. பட்ஸ் டப்பாவுக்குப் பெரும்பாலும் எந்த எண்ணும் இருக்காது, நனைந்த பட்ஸை அப்படியே டப்பாவில் போடுவது பெரிய தவறு. கடல் தண்ணீர் பட்டுவிட்டால் அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அதுவரை சார்ஜ் போடக் கூடாது. அரிசியில் புதைக்கச் சொல்வார்கள். அரிசித் தூசி ஓட்டைக்குள் போய் ஒட்டுவதுதான் மிச்சம்.

படகுக்கு எடுத்துப் போனால் மூடி இறுக்கமான சின்ன டப்பாவில், செருப்புப் பெட்டியிலோ மாத்திரைப் புட்டியிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு அதற்குள் வையுங்கள்.

9. படகிலும் ரோட்டிலும்

படகில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். வயர்லெஸ் கருவியில் கூப்பிடுவதும், எஞ்சின் சத்தம் மாறுவதும், பின்னால் நிற்பவர் கத்துவதும் காதில் விழ வேண்டும். எஞ்சின் இரைச்சலை மீற ஒலியைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். எஞ்சின் ஓடும்போது ஹெட்செட் வேண்டாம், வலை விட்டுக் காத்திருக்கும்போது கேளுங்கள். பைக்கில் பாம்பன் பாலத்தில் போகும்போது காதை அடைத்துக்கொள்ளாதீர்கள். பக்கக் காற்றும் பின்னால் வரும் பஸ் ஹாரனும் அங்கே தெரிந்தாக வேண்டும்.

10. பில், வாரண்டி, பெட்டி

180 ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி கூட ஆகும்மா" என்பார்கள். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி விலைக்குள் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. பில்லில் பொருளின் மாடல் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். "ஹெட்செட் 1" என்று மட்டும் எழுதித் தந்தால் சர்வீஸ் சென்டரில் செல்லாது. மெஷின் பில் என்றால் அன்றே படம் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். என் நெக்பேண்ட் பில் ஐந்தாம் மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டது, படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

படம் எடுக்க வேண்டியவை: பில், பெட்டியில் உள்ள பார்கோடும் சீரியல் எண்ணும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை. சில கம்பெனிகள் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான் வாரண்டி தரும். அட்டையில் அந்த நாள் கணக்கை முதலில் படியுங்கள். பெட்டியை வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள்.

வயர்லெஸ் ஹெட்செட்டுக்கு இந்தியாவில் பிஐஎஸ் என்ற அரசுத் தர அமைப்பின் பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது, எந்த பிராண்டுகளுக்குப் பொருந்தும் என்று வரும். பெட்டியில் உள்ள பிராண்டுப் பெயர் ஆப்பில் இல்லை என்றால் வாங்காதீர்கள். திருவிழாக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்டுத் தட்டுகளிலும் 250 ரூபாய்க்கு விற்கும் பட்ஸில் நான் பார்த்தவரை அந்த எண்ணே இல்லை.

வளைகுடாவிலிருந்து வந்த பொருள் அசலாகவே இருந்தாலும், பெரும்பாலான கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி தருகின்றன. கொண்டு வருபவரிடம் முன்கூட்டியே பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பி மாற்ற அதுதான் வழி.

ஆன்லைனில் வாங்கினால் எங்கள் ஊருக்கு நான்கு முதல் ஆறு நாளில் வருகிறது. பார்சலை வெட்டுவதிலிருந்து இணைத்துப் பாட வைப்பதுவரை ஒரே வீடியோவாக எடுங்கள். மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு நாள்தான். காதில் மாட்டும் பொருள் என்பதால் பணம் திருப்பித் தராமல் மாற்று மட்டும் தருவோம் என்று சில பொருட்களுக்குப் போட்டிருப்பார்கள். காசு கட்டும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கடல் தொழிலுக்குப் போய் நான்கு நாள் கழித்து வருபவர்கள், கரையில் இருக்கும் நாட்களாகப் பார்த்து ஆர்டர் போடுங்கள்.

பில்லும் வீடியோவும் இருந்தும் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பொருளின் பெயர், வாங்கிய தேதி, விலை, சீரியல் எண் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடிந்ததும் தரும் புகார் எண்ணை, பில்லைப் படம் எடுத்து வைத்திருக்கும் அதே இடத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த தடவை அழைக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.